செல்லி கொண்டுவந்த இடிந்த அரண்மனை

என் கடைக்குப் பெயர் ஸ்ரீ சந்திரசூடேஸ்வரா கிளாஸ் அண்டு பிரேம் ஒர்க்ஸ். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி இந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டுப் பாருங்கள். ஒருத்தனுக்கும் தெரியாது. "வாலறுத்தான் கடை எங்கே?" என்று கேளுங்கள். பூக்காரி கை காட்டுவாள், ஆட்டோக்காரன் ஏற்றிக்கொண்டே வந்துவிடுவான். பதினாலு வருஷமாக இதே கூத்து. ஒரு புண்ணியவான் தபாலிலேயே அந்தப் பெயரை எழுதி அனுப்பினான். தபால்காரன் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் கொண்டுவந்து நீட்டினான். ரேஷன் கடை வரிசையில் என் சம்சாரத்திடம் ஒருத்தி, "வாலறுத்தான் வீட்டம்மாவா நீங்க?" என்று கேட்டுவிட்டாள். என் சம்சாரம் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. நானே ஆசைப்பட்டு வைத்துக்கொண்ட பெயர் என்று நினைத்தாளோ என்னவோ.

இந்தப் பெயரை எனக்குச் சூட்டியவள் செல்லி. அவள் செத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. செத்தவளைத் திட்டக்கூடாது என்று என் சம்சாரம் சொல்கிறாள். நான் திட்டவில்லை, நடந்ததை எழுதுகிறேன். எழுதும்போது திட்டாகத் தெரிந்தால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

சூளகிரி தாண்டி குருபரப்பள்ளி போகிற வழியில், பெரிய ரோட்டிலிருந்து ஒரு மைல் உள்ளே தள்ளி ஒரு கரடு. அதற்கு அரண்மனைமேடு என்று பெயர். பெயரைக் கேட்டு ஏமாந்துவிட வேண்டாம். ஆள் உயரத்துக்கு நாலைந்து சுவர், பாதி உடைந்த ஒரு வளைவு, ஏறிப் போனால் எங்கேயும் கொண்டுபோய் விடாத ஒரு படிக்கட்டு. இவ்வளவுதான் அரண்மனை. எந்த ராஜா கட்டினான் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். அந்த ராஜாவுக்கே அது ஞாபகம் இருக்குமோ என்னவோ, கட்டிய கையோடு விட்டுவிட்டுப் போனவன் மாதிரிதான் இருக்கிறது.

அந்தச் சுவர்களில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஏழு வீடுகள் இருந்தன. ஒரு பக்கம் ராஜாவின் சுவர், மற்ற மூன்று பக்கம் இவர்கள் வைத்த மண்சுவர், மேலே புல் கூரை. யானையைக் கட்டுவதற்கென்று சுவரில் பதித்த இரும்பு வளையத்தில் ஆடு கட்டியிருப்பார்கள். ராஜாவுக்கு அவமானமாக இருந்திருக்கும். ஆட்டுக்கு ஒன்றும் இல்லை.

செல்லி வீடு அதில் ஒன்று. அவள் புருஷன் குந்தாரப்பள்ளி சந்தைக்கு ரெண்டு ஆடு ஓட்டிக்கொண்டு போனான். விலை படியாத ஆடுகள் ரெண்டும் பக்கத்து ஊர்க்காரனோடு திரும்பி வந்தன, புருஷன் வரவில்லை. பெங்களூர்ப் பக்கம் வேறொருத்தியோடு இருக்கிறான் என்றார்கள். செல்லி தேடிப் போகவில்லை. "ஆடு வந்துடுச்சி, அது போதும்" என்றாளாம். ஓசூரில் கம்பெனிகள் வந்த பிறகு, ஒரு கம்பெனியின் கெஸ்ட் ஹவுஸில் கூட்டிப் பெருக்குகிற வேலைக்குச் சேர்ந்தாள். தினமும் காலை பஸ்ஸில் வந்து சாயங்கால பஸ்ஸில் போவாள். என்னைவிட இருபது வயது மூத்தவள். ஒல்லி உடம்பு, பெரிய குரல். சண்டையைத் தமிழில் ஆரம்பிப்பாள், சூடு ஏறினால் தெலுங்குக்குப் போவாள், எதிராளி தெலுங்குக்காரனாக இருந்தால் கன்னடத்தில் முடிப்பாள்.

எண்பத்து நாலாம் வருஷம் அந்த மேட்டில் கருங்கல் எடுக்க ஒரு காண்ட்ராக்டர் குத்தகை கேட்டான். உடனே ஏழு வீட்டுக்கும் நோட்டீஸ் வந்தது. இது புறம்போக்கு, நீங்கள் எல்லாம் கம்பெனி வேலைக்காக நேற்று வந்து குடிசை போட்ட ஆக்கிரமிப்பாளர்கள், காலி பண்ணுங்கள் என்று. தலைமுறையாக இருக்கிறவர்கள் என்று ருசு காட்டினால் மாற்று இடம் உண்டு, காட்டாவிட்டால் ரோடுதான். ஏழு வீட்டையும் சலித்தால் அஞ்சு ரேஷன் கார்டு தேறியது. அதுவும் நாலைந்து வருஷத்துக்கு முந்தி வாங்கியது. முனிலட்சுமி வீட்டுக்கும் கரியப்பன் வீட்டுக்கும் அதுகூடக் கிடையாது. முனிலட்சுமி, செல்லியின் தங்கச்சி மகள். தலைமுறை தலைமுறையாகச் சுவரில் சாய்ந்து கிடந்த சனங்களிடம் காகிதம் ஏது?

அந்த நேரத்தில்தான் செல்லி ஒரு படத்தைத் துணியில் சுருட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தாள். கெஸ்ட் ஹவுஸுக்கு வெள்ளை அடித்தபோது, புதிதாக வந்த மேனேஜர் பூ படம்தான் வேண்டும் என்று பழையதை எல்லாம் சட்டத்திலிருந்து கழற்றிப் போட்டிருக்கிறார். இவள் கேட்டு வாங்கி வந்துவிட்டாள்.

விரித்துப் பார்த்தேன். கலரே இல்லை. கிட்டே வைத்துப் பார்த்தால் கொசுக்கூட்டம் மாதிரி கறுப்புக் கோடுகள். தள்ளி வைத்தால்தான் உருவம் தெரிந்தது. பெரிய அரண்மனை, முழுக்க இடிந்தது. உடைந்த வளைவு, சுவரைப் பிளந்துகொண்டு வளர்ந்த மரம், ஓரத்தில் ஒரு ஆறு, ரெண்டு பனை. முன்னால் கம்பளியைத் தலைக்கு மேல் மடித்துப் போட்டுக்கொண்டு ஒருத்தன் குந்தியிருக்கிறான், பக்கத்தில் நாலு ஆடு. வெள்ளைக்காரன் காலத்துப் படம். நல்ல அரண்மனை ஊரில் எவ்வளவோ இருந்திருக்கும். அதை எல்லாம் விட்டுவிட்டு, இடிந்ததைத் தேடிப் போய் உட்கார்ந்து ஒரு கல் விடாமல் வரைந்திருக்கிறான் பாருங்கள். அடுத்தவன் வீடு விழுந்து கிடப்பதைப் பார்ப்பதில் அவர்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதை வாங்கிச் சாப்பாட்டு ரூமில் மாட்டிவைத்த நம் ஆட்களை என்ன சொல்வது?

"ஏம்பா, இதுக்கு பிரேம் போட்டுக் குடு" என்றாள்.

"ஏம்மா, முருகன் படம் கொண்டா, லட்சுமி படம் கொண்டா. இடிஞ்ச செவுத்துக்கு எதுக்கு பிரேமு?"

"அது எங்க ஊடு."

"எது?"

"இதான். எங்க அரமனமேடு. தோ, கம்பளி போட்டுக்கினு குந்தியிருக்கிறான் பாரு, அவன் எங்க ஆளு. எங்க பாட்டனுக்குப் பாட்டன்."

"பேரு இன்னா?"

"வெள்ளக்காரன் வரையறப்ப பேரு கேட்டிருப்பானா? ஆட்டுப் பேரையா கேட்டான்?"

"உங்க மேட்டுல பனமரமே கெடையாதேம்மா."

"இருந்துது. செத்துப்போச்சி."

"ஆறு ஓடுது இதுல."

"அதுவும் செத்துப்போச்சி. எங்க பக்கம் எதுப்பா உயிரோட இருக்குது? நீ பிரேமப் போடு. வெசாரணைக்கு ஆபீசரு வராரு. வெறுங்காகிதமா நீட்டுனா மதிப்பாரா?"

அது மட்டும் சரி என்று பட்டது. கண்ணாடியும் சட்டமும் போட்டுவிட்டால் எந்தக் காகிதத்துக்கும் ஒரு மரியாதை வந்துவிடும். என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. நாளன்றைக்கு வா என்று அனுப்பினேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பிரேம் போட வருவதில் முக்கால்வாசி காலண்டர் படம். மேலே சாமி இருக்கும், கீழ்ப்பட்டையில் ஏதாவது ஜவுளிக்கடைப் பெயர் இருக்கும். சாமி காலடியில் ஜவுளிக்கடையை வைத்துக் கற்பூரம் காட்ட முடியுமா? அதனால் படத்தைக் கையில் எடுத்ததும் முதல் வேலை, ஸ்கேலை வைத்துக் கீழ்ப்பட்டையை அறுப்பது. மற்றக் கடைக்காரர்கள் "அறுத்துடட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்பார்கள். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. கேட்டால் யோசிப்பார்கள். யோசிக்க ஆரம்பித்தால் கடை வாசலில் நின்று பொழுதைப் போக்குவார்கள்.

அரண்மனைக்குக் கீழேயும் இங்கிலீஷில் ஏதோ ரெண்டு வரி பொடி எழுத்தில் இருந்தது. கை தானாக ஸ்கேலை எடுத்தது, தானாக அறுத்தது. அறுத்த பட்டையை மற்ற வால்களோடு சேர்த்து, மைதாப் பசை காய்ச்சுகிற அடுப்பில் போட்டேன். பசை நன்றாகவே வந்தது.

சொன்ன நாளில் செல்லி வந்தாள். படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், பின்னால் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் கடைக்குள் நிற்காமல் நேராக ரோட்டில் இறங்கிவிட்டாள்.

"எழுத்து எங்கடா?" என்று ஒரு சத்தம். எதிரே டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான்.

"எந்த எழுத்தும்மா?"

"கீழ இங்கிலீசுல இருந்துதே! ஊரு பேரு இருந்துதே! எங்க அந்த எழுத்து?"

"உனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியுமா?"

"எனக்குத் தெரியாது. படிச்சவரு படிச்சாரு, அதுல ஊரு பேரு எழுதியிருக்குதுன்னு சொன்னாரு. ஐயோ சாமி, ஏழு ஊட்டு உயிரு அந்த ஒரு வரியில இருந்துதே! பொசுக்குனு அறுத்துட்டானே! இவன் பிரேம்காரனா, வாலறுக்குறவனா? ஏம்பா, டீக்கடைக்காரரே, நீயே சொல்லு, மாட்டுக்கு வால அறுத்துட்டா அது யாரு மாடுன்னு எப்பிடிக் கண்டுபுடிக்கிறது?"

மாட்டுக்கும் வாலுக்கும் அடையாளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருத்தனும் கேட்கவில்லை. எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அன்றைக்கு சாயங்காலத்துக்குள் நான் வாலறுத்தான் ஆகிவிட்டேன். அவள் அதோடு விடவில்லை. பஸ்ஸில் சொன்னாள், கம்பெனி கேட்டில் சொன்னாள், சந்தையில் சொன்னாள். வாரம் ஒரு தரம் கடை வாசலில் நின்று, உள்ளே படம் கொடுக்கிறவர்களிடம், "பாத்துக் குடுங்க. இவன் கையில குடுத்தா பாதிதான் திரும்பி வரும்" என்பாள்.

விசாரணைக்கு ரெண்டு நாள் முன்னால் வந்து, "நீ வரணும்" என்றாள்.

"நான் எதுக்கு?"

"அறுத்தவன் நீதான? எழுத்து இருந்துதுன்னு நான் சொன்னா நம்புவாங்களா? நீ வந்து, நான்தான் அறுத்தன்னு சொல்லு. வரலன்னா தெனமும் வந்து இங்கயே குந்திக்குவன்."

அவள் குந்துவாள். எனக்குத் தெரியும். கடையைப் பூட்டிவிட்டுப் போனேன்.

மேட்டில் ஒரு புளியமரத்தடியில் பள்ளிக்கூடத்து மேஜையைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். விசாரணை அதிகாரி தெற்கத்திக்காரர், வெயில் தாங்காமல் கைக்குட்டையைக் கழுத்தில் சுற்றியிருந்தார். காண்ட்ராக்டரின் ஆள் கோவிந்தப்பன், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையும் கையில் ஃபைலுமாக அவர் பக்கத்திலேயே நின்றான். ஏழு வீட்டுச் சனமும் தரையில். செல்லி படத்தை மேஜைமேல் வைத்தாள். அந்தக் கம்பளிக்காரன் இருக்கிற இடத்தில் கண்ணாடிமேல் குங்குமம் வைத்திருந்தாள்.

அதிகாரி படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எதிரே இருந்த உடைந்த வளைவைப் பார்த்தார். நாலடி தள்ளி நின்று பார்த்தார். மறுபக்கம் போய்ப் பார்த்தார். "இங்க நின்னா கொஞ்சம் அப்படித்தான் இருக்கு" என்றார். இருக்காதா? பல் போன கிழவன் வாய் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். இடிந்த வளைவும் அப்படித்தான்.

கோவிந்தப்பன் குனிந்து, "சார், இது எந்த அரண்மனையா வேணாலும் இருக்கலாம் சார். இந்தியாவுல இடிஞ்ச அரண்மனைக்கா பஞ்சம்?" என்றான்.

"எதுவா வேணாலும் இருக்கலாம்னா இதுவாவும் இருக்கலாமில்ல சாமி?" என்றாள் செல்லி.

அதிகாரி அவளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "கீழே எழுத்து இருந்துச்சுன்னு சொல்றியே, அதுக்கு யாரு சாட்சி?" என்று கேட்டார்.

என்னைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

"எழுத்து இருந்ததாய்யா?"

"இருந்தது சார்."

"என்ன எழுதியிருந்தது?"

"தெரியாது சார். நான் அஞ்சாவதோட நின்னவன்."

"என்னன்னு தெரியாம எதுக்குய்யா அறுத்தே?"

"கீழ எழுத்து இருந்தா அறுக்கறதுதான் சார் வழக்கம்."

"அறுத்தது எங்கே?"

"பசை காய்ச்சிட்டேன் சார்."

அதிகாரி சிரித்தார். கிளார்க் சிரித்தான். கோவிந்தப்பன் ஃபைலால் வாயை மூடிக்கொண்டு சிரித்தான். செல்லி மட்டும் வாயில் அடித்துக்கொண்டு, "பாருங்க சாமி, பாருங்க! இந்த மாதிரி ஒரு மூதேவி கையிலயா எங்க ஊரு பேரு மாட்டணும்?" என்று ஒப்பாரி வைத்தாள். நான் முப்பது வயது ஆம்பளை, சொந்தக் கடைக்காரன். அந்தப் புளியமரத்தடியில் நின்றது போல் வேறெங்கும் நின்றதில்லை.

அதிகாரி எழுதிக்கொண்டு போனார். என்ன எழுதினார் என்று பின்னால் தெரிந்தது. 'மனுதாரர் தாக்கல் செய்த பழம்படத்தில் இடப்பெயர் இருந்தது என்பதும், அது மூன்றாம் நபர் ஒருவரின் அறியாமையால் அழிந்தது என்பதும் சாட்சியத்தால் தெரிகிறது. இங்கே பூர்வீகக் குடியிருப்பு இருந்திருக்கலாம் என்பதை மறுக்க இயலவில்லை.' அந்த மூன்றாம் நபர் நான். அரசாங்கத்து ஃபைலில் என் அறியாமையைக் கட்டிப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

மறுக்க இயலவில்லை என்ற ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. ஃபைல் அங்கே போய் இங்கே வந்து மூன்று வருஷம் சுற்றியது. அதுவரை யாரும் வீட்டில் கை வைக்கவில்லை. எண்பத்து ஏழில், ரேஷன் கார்டு இருந்த அஞ்சு வீட்டுக்கும் பெரிய ரோட்டோரம் ஆளுக்கு மூணு சென்ட் பட்டா கிடைத்தது. முனிலட்சுமிக்கும் கரியப்பனுக்கும் கிடைக்கவில்லை. அவர்கள் வீடு இரண்டும் மேட்டின் அடிவாரத்துச் சுவரில் சாய்ந்து, குத்தகை எல்லைக் கல்லுக்கு வெளியே இருந்ததால், இருந்தபடி இருங்கள் என்று விட்டுவிட்டார்கள்.

அப்புறம் மேட்டில் வெடி வைத்தார்கள். வளைவு, படிக்கட்டு, யானை வளையம் எல்லாம் போயிற்று. பேப்பர்க்காரன் ஒருத்தன் வந்து, சரித்திரம் அழிகிறது என்று எழுதினான். செல்லியிடம் கேட்டேன்.

"ராசா ஊடுதான போச்சி? அவன் இருந்தப்ப எங்கள உள்ள உட்டானா? இடிஞ்சப்பறம்தான உட்டான்."

இவ்வளவு ஆன பிறகும் என் பெயரை மட்டும் அவள் விடவில்லை. புது வீட்டில் படத்தை வாசலுக்கு எதிரே மாட்டி, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம், "வாலறுத்தான் கடையில போட்ட பிரேமு" என்று விளம்பரம் பண்ணிக்கொண்டிருந்தாள். வழியில் பார்த்தால், "இன்னைக்கி எத்தன வாலு?" என்பாள்.

தொண்ணூற்று ஒன்றில், சட்டம் வாங்க பெங்களூர் போனேன். கூட நசருல்லா. ஓசூரில் கண்ணாடி மொத்த வியாபாரம் பண்ணுகிறவர், பத்தாவது வரை படித்தவர், நாலு எழுத்து இங்கிலீஷ் தெரியும். அங்கே ஓட்டல்களுக்குப் பழைய படம் பிரேம் போட்டுக் கொடுக்கிற கடை ஒன்றில் நுழைந்தோம். சுவரில் என் அரண்மனை தொங்கிக்கொண்டிருந்தது. அதே வளைவு, அதே ஆறு, அதே ரெண்டு பனை, கம்பளிக்காரன், நாலு ஆடு. கீழே வால் அறுபடாமல் அப்படியே இருந்தது.

"பாய், இதைப் படிங்க" என்றேன்.

நசருல்லா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். "நூத்தி முப்பது, நூத்தி நாப்பது வருஷத்துப் படம்பா. இரும்புத் தகட்டுல செதுக்கி அச்சுப் போட்டது. இடம் வடக்கே எங்கியோ, டெல்லிக்கும் அந்தாண்ட. ஏன், உனக்கு என்னாச்சு? வேர்க்குது?"

ஏழு வருஷம்! ஏழு வருஷமாக என்னை ஊர் சிரிக்க வைத்தாளே, அந்த வாலில் அவள் ஊர் பெயரே இல்லை. மறுநாள் கடையைத் திறக்கவில்லை. முதல் பஸ் பிடித்து அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தா செல்லியம்மா, உன் அரமன எங்க இருக்குது தெரியுமா?" என்று ஆரம்பித்து, பெங்களூரில் பார்த்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அழுவாள், இல்லை என்று சாதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முறத்தை ஒரு தட்டுத் தட்டி, தூசியை ஊதிவிட்டு, "தெரியும்" என்றாள்.

"என்னா தெரியும்?"

"டில்லிப் பக்கம்னு தெரியும். அந்தக் கெஸ்ட் அவுஸு கிளார்க்கு அப்பவே படிச்சி சொல்லிட்டாரு."

"தெரிஞ்சுமா என்கிட்ட கொண்டாந்தே?"

"தெரிஞ்சதாலதான் உங்கிட்ட கொண்டாந்தன். ஓசூர்ல நாலு பிரேம் கடை இருக்குது. மத்தவன் கேட்டுட்டு அறுப்பான். நீ கேக்காமயே அறுப்பேன்னு எல்லாரும் சொன்னாங்க."

அங்கேயே வாசல்படியில் உட்கார்ந்தேன். அவளே தொடர்ந்தாள்.

"நானே கத்திரி எடுத்து அறுத்திருக்கலாம். அறுத்தா நான் திருடி. ஆபீசரு ஒரு பார்வ பாத்தா கண்டுபுடிச்சிடுவாரு. நீ அறுத்தா நீ முட்டாளு, அவ்ளோதான். நீ அங்க வந்து பொய்யா சொன்னே? உள்ளதத்தான சொன்னே? நானும் பொய் சொல்லல. ஊரு பேரு இருந்துதுன்னுதான் சொன்னன். எங்க ஊரு பேருன்னு எங்கியாவது சொன்னனா?"

"சொன்னியே! அந்த மரத்தடியில வாயில அடிச்சிக்கினு சொன்னியே!"

"அழுவறப்ப ஆயிரம் வரும். அதப் போயி கணக்குல வெக்கிறியா?"

"அப்ப அந்தக் கம்பளிக்காரன்?"

"அவன் எங்க ஆளுதான்" என்றாள், கொஞ்சமும் அசராமல். "டில்லியில இருந்தா என்னா? இடிஞ்ச எடத்துல ஆட்ட ஓட்டிக்கினு வந்து குந்துறவன் வேற யாரு?"

சரி, நடந்தது நடந்தது, இனிமேலாவது ஊரில் உண்மையைச் சொல், என் பெயரை எடு என்றேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எடுத்தா அஞ்சு ஊட்டு பட்டா என்னாவறது? கோவிந்தப்பன் காதுல உழுந்தா சும்மா இருப்பானா? ஏம்பா, அஞ்சு குடும்பம் ஒரு பேருல நிக்குது. அது உன் பேரா போச்சி. நான் என்னா செய்யட்டும்?"

மோர் கொடுத்தாள். குடிக்காமல் எழுந்து வந்தேன். பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தேன். என் கையைக் கருவியாக்கி, என் வாயைச் சாட்சியாக்கி, என் மடத்தனத்தை அரசாங்கத்து முத்திரையோடு பதிவு பண்ணி, அதில் அஞ்சு வீட்டைக் கட்டியிருக்கிறாள். அஞ்சாவதோடு நின்ற எனக்கு இந்தப் புத்தி வரவில்லை. பள்ளிக்கூடத்தையே மிதிக்காதவளுக்கு எங்கிருந்து வந்தது? நசருல்லாவிடம்கூட நான் எதையும் சொல்லவில்லை. பயம் ஒன்றுமில்லை. சொன்னால் முட்டாள் என்ற பெயரோடு, ஒரு பொம்பளை கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்த முட்டாள் என்ற பெயரும் சேரும். இப்போது எழுதுகிறேன் என்றால், அந்தப் பட்டாக்களை இனி யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

தொண்ணூற்று ஆறு கடைசியில் அவளுக்கு நுரையீரலில் கோளாறு. வீட்டுக்குள் கல் குவாரித் தூசி வராத நாள் கிடையாது. வரச்சொல்லி ஆள் அனுப்பினாள். போகக்கூடாது என்றுதான் நினைத்தேன். போனேன்.

பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பெரிய குரல் போய், ஊதிய காகிதப்பை மாதிரி மூச்சு மட்டும் இருந்தது. பக்கத்தில் முனிலட்சுமி உட்கார்ந்து முதுகை நீவிக்கொண்டிருந்தாள். குவாரி அடிவாரம் வரை வந்துவிட்டது. முனிலட்சுமி வீட்டுக்கும் கரியப்பன் வீட்டுக்கும் மறுபடி நோட்டீஸ். மறுபடி விசாரணை. பத்து வருஷத்துக்கு மேல் இருந்ததற்குச் சாட்சி வேண்டுமாம், அதுவும் மேட்டுக்காரர்களாக இல்லாத வெளியாள் சாட்சி. இவ்வளவையும் முனிலட்சுமிதான் சொன்னாள்.

"இப்ப எந்தப் படத்தக் கொண்டாந்து அறுக்கச் சொல்லப் போறே?" என்றேன்.

செல்லி சிரிக்கப் பார்த்தாள், இருமல்தான் வந்தது. அடங்கியதும் கையை நீட்டி என் சட்டைக் கையைப் பிடித்தாள். பன்னெண்டு வருஷத்தில் அவள் என்னைத் தொட்டது அன்றைக்கு மரத்தடியில் பிடித்துத் தள்ளியதற்கு அப்புறம் இப்போதுதான்.

"படமெல்லாம் வேணாம். அன்னைக்கி வெசாரண முடிஞ்சி எல்லாரும் சிரிச்சாங்களே, அப்பறம் நீ எங்க போனே? ஞாபகம் இருக்குதா?"

எனக்கு ஞாபகம் இல்லை. அவமானத்தில் எங்கே போனேன் என்று யாருக்குத் தெரியும்?

"மேட்டுக்குக் கீழ எறங்கி, இவ ஊட்டுத் திண்டுல போயி குந்துனே. மூஞ்ச தூக்கிக்கினு. இவ உள்ள கூப்ட்டா. போனே. இவ புள்ள அப்ப தூளியில இருந்துது. கூழு கரச்சிக் குடுத்தா, குடிச்சே. ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கிக் குடிச்சே."

அவள் சொல்லச் சொல்ல எனக்கு ஞாபகம் வந்தது. இருட்டான வீடு, ராஜாவின் சுவரில் செதுக்கிய மாடத்தில் ஒரு விளக்கு, புளித்த கூழ், கடித்துக்கொள்ளப் பச்சை மிளகாய். முனிலட்சுமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஊர்ல கட வெச்சிருக்கிறவன். உன் பேச்ச எழுதிக்குவாங்க. வர்ற வெள்ளிக்கெழம பத்து மணிக்கு வெசாரண. மொத பஸ்ஸுக்கே வந்துடு. எண்பத்தி நாலுல இவ ஊட்டுக்குள்ள போயி குந்தி கூழு குடிச்சன்னு, நீயா, உன் வாயால சொல்லு" என்றாள்.